மர்மக் காய்ச்சல் என்று இனி எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் போன வாரம் ஒரு செய்தி படித்தேன். ஏரியை ஒட்டிய ஒரு கிராமத்தில் பத்துப் பதினைந்து பேருக்குக் காய்ச்சலாம், இரண்டு பேரை வேலூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம், ஊரே பயந்து கிடக்கிறதாம். தலைப்பில் கொட்டை எழுத்தில் ‘மர்மக் காய்ச்சல்’. பக்கத்திலேயே படம். தெருவின் இரண்டு ஓரமும் கோலப்பொடி இழுத்ததுபோல் பிளீச்சிங் பவுடர். பின்னால் ஒருவர் கொசுப் புகை அடித்துக்கொண்டு போகிறார்.

நான் அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் ஆய்வக நுட்புநராக இருந்து 2019-ல் ஓய்வு பெற்றவள். நோயாளிகளுக்கு நான் ‘ரத்தம் எடுக்கிற சிஸ்டர்’. நர்ஸ் இல்லை என்று முதல் சில வருடம் திருத்திப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் காய்ச்சல்காரர்களின் ரத்தத்தைப் பார்த்தே ஆயுசு போனவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வரும் இந்தக் காய்ச்சலில் பெரும்பாலான சமயம் மர்மம் ஒன்றும் இருப்பதில்லை. உடம்பில் அடையாளத்தை வைத்துக்கொண்டே வருகிற காய்ச்சலும் அதில் உண்டு. துணியை விலக்கிப் பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

போன மார்கழியில் என் நாத்தனாருக்கு வந்தது. வயது 55. இரண்டு பசுமாடு வைத்திருக்கிறாள். காலையில் ஏரிக்கரைப் புதருக்குள் புகுந்து புல் அறுத்துக்கொண்டு வருவது அவள் வழக்கம். முதல் நாள் குளிர், கடுமையான தலைவலி. கண் சிவந்திருந்ததை மெட்ராஸ் ஐ என்று நினைத்திருக்கிறாள். மூன்றாம் நாள் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார்கள். பெயர் வேண்டாம், எந்த டவுனிலும் அப்படி நாலு இருக்கிறது. ரத்தம் எடுத்தார்கள். அரை மணியில் ரிப்போர்ட். வைடால், ஓ 160. “டைபாய்டு” என்று சொல்லி, தினம் ஒரு ஊசி என்று ஐந்து நாளைக்குச் செஃப்ட்ரியாக்சோன் எழுதிக்கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு போன் வந்ததும் அந்த லேப்புக்குத்தான் முதலில் பேசினேன். அங்கே இருக்கிற தம்பி என்னிடம் பயிற்சிக்கு வந்தவன். “மேடம், நானே போட்டேன், நல்லா திரிஞ்சுது, டவுட்டே இல்ல” என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. திரிந்திருக்கும்.

இந்த வைடாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் தமிழ்நாட்டில் காய்ச்சல் வந்தவர்கள் அதிகம் கேட்டு வாங்கும் சோதனை அதுவாகத்தான் இருக்கும். “டைபாய்டு டெஸ்டும் சேர்த்து எடுத்துடுங்க” என்று ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்பார்கள். பெர்னாண்ட் வைடால் என்ற பிரெஞ்சு டாக்டர் 1896-ல் கொண்டுவந்தது. உறைந்த ரத்தத்தின் மேலே தெளிகிற மஞ்சள் நீரை ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் விடுவோம். கொன்று சாயம் ஏற்றிய டைபாய்டு கிருமிகள் புட்டியில் வரும். கிருமியின் உடல் பகுதியைக் காட்டும் ஓ நீலம், வால் பகுதியைக் காட்டும் ஹெச் சிவப்பு. அதில் ஒரு சொட்டு. குச்சியால் கலந்து தகட்டை ஒரு நிமிடம் இப்படியும் அப்படியும் ஆட்டினால், அந்தக் கிருமிக்கு எதிரான பொருள் ரத்தத்தில் இருக்கும்பட்சத்தில் பால் திரிவதுபோல் திரிந்து பொடிப்பொடியாக நிற்கும். 160 என்றால், மஞ்சள் நீரை 160 மடங்கு நீர்த்துப் போகச் செய்தும் திரிகிறது என்று பொருள்.

நான் சேர்ந்த காலத்தில் இதையே கண்ணாடிக் குழாய்களில் செய்வோம். ராத்திரி முழுக்க 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்துவிட்டுக் காலையில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். ஹெச் பஞ்சு உதிர்ந்தாற்போல் இருக்கும், ஓ மணல் படிந்தாற்போல் இருக்கும். எனக்குப் பிடித்த வேலை அது. தகடு வந்தபிறகு யாருக்கும் ராத்திரி முழுக்கக் காத்திருக்கப் பொறுமையில்லை.

விஷயம் என்னவென்றால், திரிகிறது என்பதால் இப்போது டைபாய்டு இருக்கிறது என்று ஆகிவிடாது. அந்தக் கிருமி தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வந்துபோய்க்கொண்டிருக்கும் ஊர்களில், நல்லபடியாக நடமாடுகிறவர் ரத்தத்திலும் கொஞ்சம் திரியும். என்றோ வந்துபோன டைபாய்டுக்கும் திரியும். தடுப்பூசி போட்டிருந்தாலும் திரியலாம். மலேரியா, டெங்கு போன்ற வேறு காய்ச்சல்களிலும் சும்மா ஏறி நிற்பதுண்டு. இன்னொரு பக்கம், உண்மையான டைபாய்டிலேயே முதல் வாரத்தில் திரியாமல் போகும், உடம்பு எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கவே நாளாகும். அதனால்தான் இன்று ஒருமுறை, ஏழிலிருந்து பத்து நாள் கழித்து மறுமுறை ரத்தம் எடுத்து, நாலு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாவது ரத்தம் கொடுக்க வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்குள் ஒன்று காய்ச்சல் விட்டிருக்கும், அல்லது ஆளை வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

டைபாய்டுதானா என்று நம்பித் தெரிந்துகொள்ள ஊசி போடும் முன்பே ரத்தம் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும், காசும் கூட. 80 என்று வந்த சீட்டைப் பார்த்துவிட்டு “லேசா டைபாய்டு இருக்கு” என்பது நம் ஊர்ப் பேச்சு. டாக்டர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். லேசாகக் கர்ப்பம் என்று யாராவது சொல்வார்களா? அந்தச் சீட்டுகளில் கீழே இருக்கிற கையெழுத்து பல ஆயிரம் தடவை என்னுடையது. ‘இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்’ என்று ஒரு வரி ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருக்கலாம். தோன்றவில்லை. தோன்றிய வருடங்களில் துணிச்சல் வரவில்லை.

சரி, நாத்தனார் கதைக்கு வருகிறேன். ஊசி ஓடிக்கொண்டிருக்க, காய்ச்சல் 103-லேயே நின்றது. ஏழாம் நாள் தட்டணு எழுபதாயிரத்துக்கு இறங்கியது. உடனே வீட்டில் டெங்கு என்று முடிவுகட்டி, பப்பாளி இலைச் சாறு ஒரு பக்கம், நிலவேம்புக் கஷாயம் ஒரு பக்கம். எட்டாம் நாள் நான் போனபோது அவளால் ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியவில்லை. வறட்டு இருமல் வேறு. வேர்வையில் நனைந்த புடவையை மாற்றலாம் என்று உட்காரவைத்துப் பாவாடை நாடாவைத் தளர்த்தினேன். வலது பக்க இடுப்பில், நாடா அழுந்தும் கோட்டில், ஒரு சிறு கறுப்புப் பொருக்கு. பீடி நெருப்பால் சுட்டுக் காய்ந்தாற்போல், நடுவில் கறுப்பு, சுற்றிலும் சிவந்த விளிம்பு. நாலணா அளவுகூட இல்லை. தொட்டேன், வலி இல்லை என்றாள்.

“அண்ணி, அது நாடா அழுத்தின புண்ணு, விடுங்க” என்றாள்.

எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டேன். காய்ச்சலுக்கு முன்னாலிருந்தே இருக்கிறதாம். டாக்டரிடம் காட்டினாயா என்றேன். என்னைப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. ஆம்பளை டாக்டரிடம் இடுப்பை எப்படிக் காட்டுவது? அவரும் கேட்கவில்லை. நாக்கைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தார், அதுவும் ரவிக்கைக்கு மேலேயே.

அன்று இரவே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பணியில் இருந்தது சின்ன வயதுப் பெண் டாக்டர். பொருக்கைக் காட்டியதும் “ஸ்க்ரப் டைபஸ்மா” என்று, புதர்ப் பூச்சி கடித்து வரும் காய்ச்சலின் பெயரைச் சொல்லிவிட்டு, ஆக்சிஜன் வைக்கச் சொல்லி, ரத்தச் சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் டாக்சிசைக்ளின் ஆரம்பித்தார். மூன்றாம் நாள் காலை 99. இட்லி கேட்டாள். அந்த நோய்க்கான எலைசா என்ற ரத்தச் சோதனையின் முடிவு அதற்கு அப்புறம்தான் வந்தது, பாசிட்டிவ். அந்த மாத்திரை கடையில் வாங்கினால் ஒன்று சில ரூபாய்தான். அதற்கு முந்தைய எட்டு நாளில் அந்தக் குடும்பம் செலவழித்தது ஒரு கறவை மாட்டு விலை.

செஃப்ட்ரியாக்சோன் மோசமான மருந்து என்று நான் சொல்லவில்லை. டைபாய்டுக்கு அது நன்றாகவே கேட்கும். டைபஸ் கிருமி வேறு சாதி. ஒரியன்ஷியா சுட்சுகாமுஷி என்று பெயர். பின்பாதி ஜப்பானியச் சொல், ‘தீங்கு செய்யும் பூச்சி’ என்கிற மாதிரி அர்த்தம். அங்கே ஆற்றுப்படுகை விவசாயிகளுக்கு வரும் காய்ச்சலாக அதை நீண்ட காலமாகவே அறிந்திருந்தார்கள். நம் உடம்புச் செல்லுக்குள் புகுந்து அங்கேயே குடித்தனம் நடத்துகிற கிருமி அது. வெளியே வளராது. ரத்தத்தை எடுத்து எங்கள் கல்ச்சர் புட்டியில் ஊற்றி எத்தனை நாள் வைத்தாலும் புட்டி தெளிவாகவே இருக்கும், ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதி அனுப்புவோம். கிருமியின் சுவரைத் தாக்குகிற செஃப்ட்ரியாக்சோன் வகை மருந்துகளுக்கு இதனிடம் வேலை இல்லை. டாக்சிசைக்ளின் கேட்கும், அசித்ரோமைசின் கேட்கும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின்தான் கொடுக்கிறார்கள். நோய் முற்றிய நிலையில் இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பலன் அதிகம் என்று 2023-ல் வெளியான ஆய்வு நிறுவியது. இந்தியாவில் ஏழு மருத்துவமனைகளில், சுமார் 800 நோயாளிகளிடம் நடந்தது. முன்னின்று நடத்தியது நம் வேலூர் சிஎம்சி. உலகத்துக்கே வழிகாட்டிய ஆய்வு பக்கத்து ஊரிலிருந்து வருகிறது, நாம் இங்கே மர்மம் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

டைபாய்டு, டைபஸ் என்று பெயர் ஒன்றுபோல் இருப்பதும் ஒரு சாபக்கேடு. ‘டைபாய்டு’ என்றாலே ‘டைபஸ் மாதிரி’ என்றுதான் பொருள். டைபஸ் என்பது புகைமூட்டம் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, காய்ச்சலில் புத்தி மங்கிக் கிடப்பதைச் சொல்வது. ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இரண்டையும் ஒன்று என்றே நினைத்தார்கள். 1837-ல் பிலடெல்பியாவில் வில்லியம் கெர்ஹார்ட் என்ற டாக்டர், இறந்தவர்களின் குடலைப் பார்த்து, டைபாய்டில் குடல் புண்ணாகிறது, டைபஸில் ஆகவில்லை, இரண்டும் வேறு என்று எழுதினார். அவர் பார்த்தது பேன் மூலம் பரவும் டைபஸ். நம் ஊருடையது அதன் உறவுக்காரன்.

எங்கள் லேபிலும் டைபஸுக்கு ஒரு பழைய சோதனை உண்டு. வெய்ல்-பீலிக்ஸ், 1916-ல் வந்தது. வேடிக்கை என்னவென்றால் அதில் டைபஸ் கிருமியே கிடையாது. புரோட்டியஸ் என்று சம்பந்தமே இல்லாத ஒரு கிருமி, தற்செயலாக அதற்கும் இதற்கும் ஒரு சாயல். அந்தச் சாயலை வைத்துப் பிடிப்பது. இந்த ஆர்தர் பீலிக்ஸ்தான் டைபாய்டு ஆராய்ச்சியிலும் பெரிய பெயர். வைடாலில் ஓ பார்க்க நாங்கள் எடுக்கிற உருண்டை அடிக் குழாய்க்கே பீலிக்ஸ் குழாய் என்றுதான் பெயர். இரண்டு நோயையும் பிரித்துப் பார்க்க ஒரே மனிதர் வழி சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வைடால் புட்டிகள் மாதத்துக்கு ஒருமுறை தீரும். வெய்ல்-பீலிக்ஸ் புட்டி குளிர்பெட்டிக் கதவில் தேதி முடியும்வரை திறக்கப்படாமலே இருந்தது. யாரும் எழுதிக் கேட்டால்தானே திறப்போம். அது அவ்வளவு நம்பகமான சோதனையும் இல்லை, விட்டுப்போவது அதிகம். இப்போது அதற்குத் தேவையும் இல்லை, ஐஜிஎம் எலைசா வந்துவிட்டது. ஆனால் அதையும் ஒருவர் நினைத்து எழுதினால்தான் உண்டு.

அடுத்து, நீங்கள் ‘மர்மக் காய்ச்சல்’ என்று எழுதாத நாட்களில் எழுதுகிற ‘உண்ணிக் காய்ச்சல்’. இதிலும் எனக்கு ஒரு வருத்தம். உண்ணி என்றதும் நம் ஆட்களுக்கு நினைவு வருவது நாய்க் காதிலும் மாட்டு மடியிலும் கொட்டைமுத்து மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது. எங்கள் தெருவில் ஒருவர் இந்தப் பேரைக் கேட்டுவிட்டு, எட்டு வருடம் வளர்த்த நாயைக் கொண்டுபோய்ச் சுங்கச்சாவடி தாண்டி விட்டுவிட்டு வந்தார். பாவம் அது. நாய் உண்ணியால் வருகிற காய்ச்சலும் ஒன்று இருக்கிறது, அது வேறு. ஸ்க்ரப் டைபஸைக் கொண்டுவருவது கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. கோழிச் செள்ளு அதைவிடப் பெரியது. செம்மஞ்சளாக இருக்கும். புதர், உயரப் புல், வரப்போரம், தோட்டத்து ஓரத்துக் குப்பை மேடு, இங்கெல்லாம் புல் நுனியில் காத்திருந்து, வழக்கமாக எலி மேல்தான் ஏறும். மனிதன் வந்தால் மனிதன். ரத்தம்கூடக் குடிக்காது. தோலைக் கரைத்து அந்த நீரைக் குடித்துவிட்டுப் போய்விடும். வாழ்நாளில் அந்தக் குஞ்சுப் பருவத்தில் மட்டும்தான் அது இப்படி உடம்பில் ஏறுவது. வளர்ந்தபின் மண்ணில் தன் பாட்டுக்கு வாழும். கிருமி தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடுகிறது.

துணி இறுக்கிப் பிடிக்கிற இடத்தில்தான் ஊர்வது நின்று கடிக்கும். அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு, அரைஞாண் கட்டும் இடம், பாவாடை நாடா. எல்லாமே நாம் மூடிவைக்கிற இடம். பிள்ளைகளுக்குக் காதுக்குப் பின்னால்கூட இருக்கும். எல்லாருக்கும் பொருக்கு வருவதில்லை, அதனால் இல்லை என்றதும் விட்டுவிடவும் கூடாது. இருந்துவிட்டால் வேறு எந்தச் சோதனையும் அவ்வளவு சீக்கிரம் சொல்லாது. டார்ச் லைட் போதும்.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். தெருவோரப் பிளீச்சிங் பவுடர் இந்தப் பூச்சியை ஒன்றும் செய்யாது. கொசுப் புகையும் அப்படித்தான். வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டுவது, எலியைக் குறைப்பது, புல் அறுத்து வந்ததும் துணியை உதறித் துவைத்துவிட்டுச் சோப்பு போட்டுக் குளிப்பது, இவைதான் பயன்படும். பவுடர் போட்ட புகைப்படம் அழகாக வருகிறது, அதுதான் அதன் பயன். காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், நான் இங்கிருந்துகொண்டு அந்த ஊருக்கு நோய் பெயர் வைக்கவில்லை. உங்கள் நிருபர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைத்தான் சொல்கிறேன்: அந்தப் பதினைந்து பேரில் எத்தனை பேருக்கு ஸ்க்ரப் டைபஸ் எலைசா எடுத்தார்கள்? எத்தனை பேருக்கு உடம்பு முழுக்கப் பார்த்தார்கள்? இவற்றுக்குப் பதில் வாங்கிப் போட்டிருந்தால், ‘மர்மம்’ என்ற சொல்லுக்கு அந்தச் செய்தியில் இடமே இருந்திருக்காது. ஒரு கட்டம் கட்டி, ‘காய்ச்சல்காரரைக் குளிப்பாட்டும்போது இந்த இந்த இடங்களில் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாகக் கடையில் மாத்திரை வாங்காதீர்கள்’ என்று ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் வாரம் ஒருநாள் போடுங்கள். ராசிபலனுக்குப் பக்கத்தில் போட்டால் எல்லாரும் படிப்பார்கள்.

டாக்டர்களுக்கும் ஒன்று. பெண்களின் இடுப்பைப் பார்க்கச் சங்கடமாக இருந்தால் ஒரு நர்ஸைக் கூப்பிட்டு, திரையை இழுத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. கூட வரும் மருமகளிடமோ மகளிடமோ கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கும், கேட்காததால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த லேப் தம்பியிடம் பிறகு ஒருநாள் பேசினேன். நான் செய்யாமல் விட்ட ரப்பர் ஸ்டாம்பை அவனைச் செய்யச் சொன்னேன். “ஓனர் ஒத்துக்க மாட்டார் மேடம், சந்தேகமா ரிப்போர்ட் குடுக்கறாங்கன்னு பேஷன்ட் வேற லேபுக்குப் போயிடுவாங்க” என்றான். கம்ப்யூட்டரில் அடிக்குறிப்பாகச் சின்ன எழுத்திலாவது போடுகிறேன் என்றிருக்கிறான். பார்ப்போம்.

நாத்தனார் இப்போது நன்றாக இருக்கிறாள். ஏரிக்கரைக்கு மறுபடி போகிறாள், போகாதே என்றால் மாடு என்ன தின்னும் என்கிறாள். அண்ணன் பழைய முழுக்கைச் சட்டையை மேலே போட்டுக்கொள்கிறாள். வந்ததும் குளித்துவிடுகிறாள். இடுப்பில் பொருக்கு விழுந்த இடம் வட்டமாக வெளுத்திருக்கிறது. இதைப் பேப்பருக்கு எழுதப் போகிறேன் என்று அவளிடம் அனுமதி கேட்டேன். கொஞ்சநேரம் யோசித்தாள்.

“எழுதுங்க அண்ணி. இடுப்புன்னே போடுங்க, பரவால்ல. பேரு மட்டும் போடாதீங்க.”

அதனால் என் பெயரும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
வேலூர் மாவட்டம்.